ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்: கையடக்க ஜி.பி.எஸ். கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. விதை, உரம், பூச்சிமருந்து, ஆள்கூலி ஆகிய எல்லாமே ஏக்கர் கணக்கில்தான் கணக்கிடப்படுகின்றன. ஆனால் தம் புஞ்சையின் பரப்பைச் சரியாகச் சொல்லக்கூடிய உழவர்கள் குறைவு. பட்டாவில் உள்ள பரப்பு ஒன்றாகவும், உழுது பயிர் செய்யும் பரப்பு வேறாகவும் இருப்பதை விருதுநகர் மாவட்டக் கரிசல் காடுகளில் எங்கும் காணலாம். ஓடை அரித்துச் சென்ற பகுதி, சீமைக் கருவேல் அடைத்துக்கொண்ட பகுதி, பாதைக்கு விட்ட பகுதி ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால், ஓர் ஏக்கர் என்று நினைத்த நிலம் எண்பது சென்டாக நிற்கும். ஏக்கருக்கு ஒரு லிட்டர் என்று சிபாரிசு செய்யப்பட்ட களைக்கொல்லியை அந்த எண்பது சென்டில் தெளித்தால் அளவு 25 சதம் கூடிவிடும். பணமும் வீண், பயிருக்கும் கேடு.

இக்குறையைப் போக்க இன்று கையடக்க ஜி.பி.எஸ். கருவிகள் கிடைக்கின்றன. மலையேறுவோரும் காட்டில் சுற்றுவோரும் வழி தவறாமல் இருப்பதற்காக உருவானவை இவை. உழவர்களுக்கும், கிடை போடும் கீதாரிகளுக்கும், கிணறு வெட்டுவோருக்கும் இவை பயன்படும். குறைந்த செலவில் தக்க கருவியைத் தேர்ந்தெடுப்பது பற்றியும், அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது பற்றியும் இங்கே காண்போம்.

சங்கிலியிலிருந்து செயற்கைக்கோள் வரை

நில அளவையில் தமிழ்நாட்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் பணிக்கு, கர்னல் லாம்டன் 1802ஆம் ஆண்டு சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடக்கம் செய்தார். அவர் பயன்படுத்திய கோணமானி சுமார் அரை டன் எடை கொண்டது. கிராமங்களில் பின்னர் நிலம் அளக்கப்பட்டது 66 அடி நீளமுள்ள சங்கிலியால். பத்துச் சதுரச் சங்கிலி கொண்டது ஓர் ஏக்கர். இன்றும் சென்ட் கணக்குக்கு அதுவே அடிப்படை.

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட அமைப்பு. அதன் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1983இல் கொரிய நாட்டுப் பயணி விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் சென்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் பிறகே பொதுமக்களும் இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. கையில் எடுத்துச் செல்லும் கருவி 1989இல் கடைக்கு வந்தது. அன்று அதன் விலை சில ஆயிரம் டாலர். பொதுமக்கள் பெறும் அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கும் வழக்கம் 2000ஆம் ஆண்டு மே மாதம் கைவிடப்பட்டது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிய கருவி, அதன் பிறகு சில மீட்டருக்குள் இடம் காட்டத் தொடங்கியது.

இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவையும் உண்டு. நம் நாட்டின் நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோளை 2013 ஜூலையில் இஸ்ரோ ஏவியது. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01, சிறு கருவிகளும் எளிதில் பெறக்கூடிய எல்-1 அலைவரிசையிலும் ஒலிபரப்பும்படி அமைக்கப்பட்டது.

கருவி வேலை செய்யும் விதம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளொன்றுக்கு இருமுறை பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உள்ளது. "இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று அவை இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்த அலை கைக்கு வந்து சேரும் நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களாவது தெரிந்தால்தான் இடத்தை நிர்ணயிக்க முடியும். அலை வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் தவறினாலும் தூரத்தில் 300 மீட்டர் தவறிவிடும்.

இதிலிருந்து உழவர்கள் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, கருவிக்குத் திறந்த வானம் தேவை. புளியமரத்தடியிலும், பம்புசெட் அறைக்குள்ளும், மலை இடுக்கிலும் அது தடுமாறும். இரண்டு, இதற்குச் செல்பேசிக் கோபுரமோ மாதக் கட்டணமோ தேவையில்லை. செயற்கைக்கோள் சொல்வதைக் கருவி கேட்கிறதே தவிர, திருப்பி எதையும் அனுப்புவதில்லை.

நம் மாவட்டத்தில் என்ன பயன்?

முதலாவது பயன், நிலத்தைக் கண்டுபிடிப்பது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு வேலைகளுக்குச் சென்றுவிட்ட குடும்பங்களின் மானாவாரிப் புஞ்சைகள் ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடக்கின்றன. சீமைக் கருவேல் மூடிய பிறகு சர்வே கல் எங்கே, பழைய கிணறு எங்கே என்பது தெரிவதில்லை. நிலம் நன்றாக இருக்கும் காலத்திலேயே மூலைக்கல், கிணறு, ஆழ்துளைக் கிணறு, பைப் லைன் செல்லும் வழி ஆகியவற்றைக் கருவியில் பதிந்து நோட்டிலும் எழுதி வைத்தால், பிள்ளைகள் காலத்திலும் தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது, பாழுங்கிணறுகள். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய இறவைக் கிணறுகள் புதருக்குள் மறைந்து கிடக்கின்றன. ஆடு மேய்ப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இவற்றால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு ஊரிலும் இவற்றின் இடங்களைப் பதிந்து, ஊராட்சியில் கொடுத்து, வேலி போடச் செய்வது பெரிய தொண்டாகும்.

மூன்றாவது, மண் பரிசோதனை. ஒரு முறை மண் எடுத்த இடத்திலேயே சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்தால்தான் மண்ணின் வளம் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட முடியும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்று கட்டம் கட்டி, ஜி.பி.எஸ். கொண்டே மண் மாதிரி எடுக்க வகை செய்யப்பட்டது. கரிசலும் செவலும் அடுத்தடுத்து வரும் நம் பகுதியில் உங்கள் புஞ்சை வேறு, மாதிரி எடுத்த புஞ்சை வேறாக இருக்கலாம். உங்கள் நிலத்து மாதிரியை நீங்களே இடம் குறித்து எடுத்து அனுப்புதல் நலம்.

நான்காவது, பயிர்க் கணக்கு. தமிழ்நாட்டில் 2024இல் மின்னணு முறையில் பயிர்க் கணக்கெடுப்பு நடைபெற்றபோது வேளாண்மைக் கல்லூரி மாணவர்களும் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். நிலத்திலேயே நின்று, செல்பேசியில் படம் எடுத்துப் பதியும் முறை அது. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலில் உள்ள பயிரும் பரப்பும் முக்கியம். தம் நிலத்தின் இடத்தையும் பயிர் செய்த பரப்பையும் சரியாக அறிந்த உழவர், பதிவில் தவறு இருந்தால் உரிய காலத்தில் திருத்தம் கேட்க முடியும்.

ஐந்தாவது, ஆடு மாடு மேய்ப்போர். ஊர் ஊராகக் கிடை கொண்டு செல்லும் கீதாரிகள் தண்ணீர் உள்ள ஊருணி, கண்மாய், கிடைக்கு இடம் கொடுக்கும் புஞ்சை ஆகியவற்றைப் பதிந்து வைத்தால் அடுத்த ஆண்டு எளிதில் வந்து சேரலாம். ஆனால் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அக்காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகும். கருவி வழி காட்டுகிறது என்பதற்காக வனத்துறை அனுமதியின்றி உள்ளே செல்லக் கூடாது.

எவ்வளவு துல்லியம்?

எந்த விளம்பரத்தையும் விட இப்பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். சாதாரணச் செல்பேசி திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள் இடம் காட்டும். நல்ல கைக்கருவி சுமார் 3 மீட்டருக்குள் காட்டும். மரமும் சுவரும் அருகில் இருந்தால் இரண்டும் இதைவிட மோசமாகும்.

சதுரமான நிலம் ஒன்றில் நான்கு பக்கமும் கருவி ஒரே ஒரு மீட்டர் வெளியே தள்ளிக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கர் நிலம் 514 சென்ட் என்று வரும். தவறு 3 சதமே. ஓர் ஏக்கர் நிலம் 106 சென்ட் என்று வரும். தவறு 6 சதம். பத்து சென்ட் நிலமோ 12 சென்ட் என்று வரும். தவறு 20 சதத்துக்கும் மேல். மூன்று மீட்டர் தள்ளினால் பத்து சென்ட் நிலம் ஏறக்குறைய 17 சென்டாகத் தோன்றும். ஓர் ஏக்கர் 120 சென்டாகும்.

நடந்து அளக்கும்போது ஒரு பக்கம் வெளியேயும் மறுபக்கம் உள்ளேயும் தள்ளுவதால் பிழை ஓரளவு கழிந்துபோகும். எனினும் முடிவு ஒன்றே: நிலம் பெரிதாக இருந்தால் இக்கருவியை நம்பலாம். ஓர் ஏக்கருக்குக் குறைந்தால் நாடாவே நல்லது. வீட்டுமனைக்கும் பத்து சென்ட் காய்கறித் தோட்டத்துக்கும் இக்கருவி வேண்டாம்.

செல்பேசியே போதாதா?

பலருக்குப் போதும். புதிய செலவு செய்யுமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். உங்களிடம் உள்ள செல்பேசியிலேயே ஜி.பி.எஸ். உள்ளது. சிக்னல் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நிலத்தைச் சுற்றி நடந்தால் பரப்பு சொல்லும் செயலிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எல்-1, எல்-5 என்ற இரு அலைவரிசைகளையும் பெறும் செல்பேசியானால் துல்லியம் இன்னும் கூடும்.

அப்படியானால் தனிக்கருவி யாருக்கு? நாள் முழுவதும் வெளியில் இருப்பவர்களுக்கு, ஊர் முழுவதும் அளக்க வேண்டியவர்களுக்கு, மலையடிவாரத்திலும் கிடையிலும் பல நாள் தங்குபவர்களுக்கு. சித்திரை வெயிலில் செல்பேசி சூடாகி நின்றுவிடும். திரை மங்கித் தெரியாது. கரிசல் புழுதியும் மழையும் அதற்கு ஆகாது. மின்கலம் தீர்ந்தால் அவசரத்துக்குப் பேசவும் முடியாது. கைக்கருவி கீழே விழுந்தாலும் தாங்கும், பென்சில் செல் மாற்றினால் மீண்டும் ஓடும்.

தனி உழவர் ஒருவர் வாங்குவதைவிட, உழவர் மன்றமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஒன்று வாங்கி முறை வைத்துப் பயன்படுத்துவது சிக்கனம். இருபது பேர் பங்கிட்டால் ஒருவருக்கு விழும் செலவு ஒரு மூட்டை உரத்தின் விலையை ஒட்டி வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஜி.பி.எஸ். மட்டுமின்றி குளோனாஸ், கலிலியோ போன்ற வேறு ஓர் அமைப்பையேனும் சேர்த்துப் பெறும் கருவியாக இருக்க வேண்டும். நாவிக் இருந்தால் நல்லதே. எனினும் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

2. ககன் திருத்தத்தை ஏற்குமா என்று விசாரிக்க வேண்டும். விமானங்களுக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்தது ககன். அது அனுப்பும் திருத்தச் செய்தியால் துல்லியம் கூடும். சில கருவிகளில் இது அமெரிக்க அமைப்பின் பெயரால் 'வாஸ்' என்று குறிக்கப்பட்டிருக்கும்.

3. பரப்புக் கணக்கிடும் வசதி கட்டாயம் வேண்டும். வழி காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட சில கருவிகளில் இது இராது. ஏக்கர், ஹெக்டேர் இரண்டிலும் விடை தருகிறதா என்பதைக் கடையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும்.

4. எங்கும் கிடைக்கும் பென்சில் செல்லில் ஓடுவது நல்லது. 2019இல் வந்த கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு செல்லில் 25 மணி நேரம் ஓடும் என்றும், 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்.இ. 168 மணி நேரம் வரை ஓடும் என்றும் நிறுவனம் கூறுகிறது. பின்னதன் அறிமுக விலை அமெரிக்காவில் சுமார் 150 டாலர். இறக்குமதிச் செலவும் வரியும் சேர்வதால் இங்கே கூடுதலாகும். இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரித்தல் அவசியம்.

5. திரை நடுப்பகல் வெயிலில் தெரிய வேண்டும். கடைக்கு வெளியே எடுத்து வந்து பார்க்கவும். சேற்றுக் கையோடு தொடுதிரையை விட அழுத்துபொத்தானே வசதி.

6. ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறி இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள்.

7. பதிந்த இடங்களைக் கம்பி வழியாகவோ வேறு வழியாகவோ கணினிக்கு மாற்ற வசதி வேண்டும்.

8. ரசீதும் இந்திய உத்தரவாதமும் இல்லாத கருவியை, விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

வண்ணத் திரை, கேமரா, காற்றழுத்த உயரமானி, மின்னணுத் திசைகாட்டி ஆகியவை மலையேறுவோருக்குத் தேவைப்படலாம். நிலம் அளக்க அவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய கருவி வாங்குவோர் தேதியைப் பார்க்க வேண்டும். ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரை மட்டும் எண்ணி மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். அவ்வாறு 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் நடந்தது. திருத்தம் செய்யப்படாத பழைய கருவிகள் சில, அதன் பிறகு தேதியை ஏறக்குறைய இருபது ஆண்டு பின்னால் காட்டுகின்றன. அத்தகைய கருவியைத் தவிர்ப்பது நலம்.

இன்னொன்று மிக முக்கியம். வெளிநாட்டில் உறவினர் இருந்தால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டாம். பார்வைக்கு ஜி.பி.எஸ். கருவி போலவே இருக்கும். இடத்தைப் பெறுவதற்குத் தடையில்லை. ஆனால் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவிக்கும் செயற்கைக்கோள் தொலைபேசிக்கும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். இது தெரியாமல் கொண்டு வந்து விமான நிலையத்தில் வழக்குக்கு ஆளான பயணிகள் உண்டு.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

திறந்த களத்திலோ பள்ளி மைதானத்திலோ நாடா பிடித்து 50 மீட்டருக்கு 20 மீட்டர் என்று நான்கு முளை அடிக்கவும். பரப்பு 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 24.7 சென்ட். முளைகளைச் சுற்றி நடந்து கருவி சொல்லும் விடையை எழுதவும். ஐந்து முறை செய்து பார்த்தால் உங்கள் கருவியின் குணம் தெரிந்துவிடும். விடைகள் 23க்கும் 27க்கும் இடையே நின்றால் நல்ல கருவி. இருபது, முப்பது என்று தாவினால் மாற்றிக் கேட்கலாம்.

அளக்கும் முறை

கருவியை இயக்கியதும் உடனே நடக்கக் கூடாது. திறந்த வெளியில் ஐந்து நிமிடம் வைத்து, போதிய செயற்கைக்கோள்கள் தெரிந்த பின் தொடங்க வேண்டும். சட்டைப் பையில் போடாமல், வானம் தெரியும்படி தலை உயரத்தில் பிடிக்கவும். வரப்பின் மேல் சீராக நடந்து, ஒவ்வொரு மூலையிலும் அரை நிமிடம் நிற்கவும். தொடங்கிய மூலைக்கே திரும்பி வந்து முடிக்கவும். மூன்று முறை நடந்து, சராசரியை எடுக்கவும். ஒரு விடை மட்டும் வெகுவாக விலகியிருந்தால் அதை விட்டுவிட்டு மீண்டும் நடக்கவும்.

காலை வேளையே ஏற்றது. வெயிலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தென் தமிழ்நாடு பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியுள்ளது. தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைந்ததும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்ததும் இதனாலேயே. சூரியன் மறைந்த பின் நள்ளிரவு வரை, குறிப்பாகப் பங்குனி, சித்திரை, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில், மேல் வானின் மின்னூட்டப் படலம் இங்கே கலங்கி, செயற்கைக்கோள் அலையைத் தடுமாறச் செய்வதுண்டு. 2024 மே மாதம் வந்த சூரியப் புயலின்போது அமெரிக்காவில் ஜி.பி.எஸ். கொண்டு விதைத்த டிராக்டர்களே நிறுத்தப்பட்டன. ஆகவே அந்தி நேரத்து அளவை நம்ப வேண்டாம்.

எண்ணை எழுதுவதில் எச்சரிக்கை

இடத்தைக் கருவி அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரு எண்களால் சொல்லும். இதை எழுதுவதில் ஏற்படும் குழப்பமே பெரும் குழப்பம். சிவகாசியின் அட்சரேகை சுமார் 9.45 பாகை. இதில் புள்ளிக்குப் பின் உள்ளது தசமம். பாகை, நிமிடக் கணக்கில் அது 9 பாகை 27 நிமிடம். இதை அறியாமல் 9 பாகை 45 நிமிடம் என்று எழுதிவிட்டால் 33 கிலோமீட்டர் வடக்கே, டி. கல்லுப்பட்டி பக்கம் போய் நிற்க வேண்டும். கருவியில் ஏதேனும் ஒரு முறையைத் தேர்ந்து, அதையே எப்போதும் பயன்படுத்தவும். தசம முறையே எளிது. புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுத வேண்டும். ஐந்தாம் இலக்கம் சுமார் ஒரு மீட்டரைக் குறிக்கும். நான்கோடு நிறுத்தினால் சுமார் பத்து மீட்டர் வட்டத்துக்குள்தான் இடம் சொல்ல முடியும்.

பட்டாசு வட்டாரத்துக்கு ஒரு வார்த்தை

சிவகாசியைச் சுற்றிப் பட்டாசு அறைகள் ஊருக்கு வெளியே, புஞ்சைக் காடுகளுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்டுள்ளன. பக்கத்துப் புஞ்சையில் உழுகிறவரும் களை எடுக்கிறவரும் உழவர்களே. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் பலர் மாண்டனர். இத்தகைய வேளையில் ஒவ்வொரு நிமிடமும் உயிர். "ஓடைக்கு மேற்கே, பனைமரத்துக்குப் பக்கத்துக் காடு" என்ற அடையாளம் வெளியூரிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எட்டாது.

எனவே காட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் புஞ்சையின் இரு எண்களையும், பக்கத்துச் சாலையின் பெயரையும், வண்டி திரும்ப வேண்டிய இடத்தையும் ஓர் அட்டையில் எழுதிப் பம்புசெட் கதவில் ஒட்டி வைக்க வேண்டும். 108க்குப் பேசும்போது முதலில் ஊரையும் சாலையையும் சொல்லி, பிறகு அந்த எண்களைச் சொல்லலாம். ஓட்டுநரின் செல்பேசிக்கு அனுப்பினால் வரைபடமே வழி காட்டும். பாம்புக்கடிக்கும் இதுவே உதவும். கரிசல் காட்டில் பாம்பு கடித்தவரைச் சாலைக்குத் தூக்கி வருவதில் போகும் நேரம்தான் பல உயிர்களைக் குடிக்கிறது.

இதில் மறக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. பட்டாசு ஆலை வளாகத்துக்குள் செல்பேசியோ ஜி.பி.எஸ். கருவியோ கொண்டு செல்லக் கூடாது. மின்கலத்தில் ஓடும் சாதாரணக் கருவி எதுவும் வெடிமருந்து உள்ள இடத்துக்கு ஏற்றதன்று. வாயிலுக்கு வெளியே, சாலையில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டாலே போதும்.

வரப்புத் தகராறுக்கு இது தீர்வன்று

கருவி கையில் வந்ததும் பக்கத்துப் புஞ்சைக்காரரின் வரப்பை அளக்கத் தோன்றும். கருவியின் பிழையே மூன்று மீட்டர் இருக்கும்போது, அதைக் கொண்டு அரை மீட்டர் பொழிக்குச் சண்டையிடுவது அறிவுடைமையாகாது. அண்ணன் தம்பிக்குள் பகை மூள்வதுதான் மிச்சம். சர்வே கல்லை எக்காரணம் கொண்டும் அசைக்கக் கூடாது.

எல்லையை நிர்ணயிக்கும் அதிகாரம் 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அரசின் நில அளவைத் துறைக்கே உண்டு. புலப்படத்தின் நகலைப் பெற்று, கட்டணம் செலுத்தி மனுச் செய்தால் நில அளவர் வந்து அளந்து கல் காட்டுவார். அத்துறையினர் பயன்படுத்தும் கருவியும் செயற்கைக்கோளைக் கொண்டதுதான். ஆனால் அது நிலையான குறிப்பு நிலையங்களிலிருந்து திருத்தம் பெற்று, சில சென்டிமீட்டருக்குள் இடம் சொல்லும். அதன் விலையும் பயிற்சியும் வேறு. கடையில் வாங்கும் கைக்கருவியை அதற்கு இணையாகக் கருதக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் கையில் உள்ள செல்பேசியில் உங்கள் நிலத்தைச் சுற்றி மூன்று முறை நடந்து பாருங்கள். அது போதவில்லை என்றால் நாலு பேர் சேர்ந்து ஒரு கைக்கருவி வாங்குங்கள். புரட்டாசி விதைப்புக்கு முன்பே, ஆடி ஆவணியில் நிலம் வெறுமையாகக் கிடக்கும்போது, மூலைகளையும் கிணறுகளையும் பதிந்து, பயிர் ஏறும் பரப்பை அளந்து வையுங்கள். விதைக்கும் உரத்துக்கும் அந்தக் கணக்கையே கொள்ளுங்கள். மேற்கொண்டு ஐயம் இருப்பின் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, அருப்புக்கோட்டை வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன்பெறலாம்.